முன்னுக்கு இழுத்திருந்த இருக்கை

அந்தக் காரில் முதன்முதலாக ஏறி உட்கார்ந்த அன்று என் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டி நின்றன. நான் உயரமான ஆளில்லை. இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அதைத் தாங்கும் இரும்புத் தடம் துருவேறி, ஆக முன்னுக்கு இழுத்த நிலையிலேயே இறுகிப் போயிருந்தது. இவ்வளவு பெரிய காரை இப்படி ஒடுங்கியிருந்து ஓட்டியது யாரோ என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன்.

நாங்கள் டென்மார்க்கில் இஷொய் என்ற ஊரில் இருக்கிறோம். நான் பஸ் திருத்தும் இடத்தில் மெக்கானிக், மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். தெற்கே கடற்கரைப் பக்கம் ஒரு பண்ணையில் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார், களஞ்சியத்தை ஒதுக்குகிறார்கள், உள்ளே ஒரு அமெரிக்கக் கார் நிற்கிறது என்று கூட வேலை செய்பவர் சொன்னார். போய்ப் பார்த்தேன். வைக்கோல் தூசுக்குள் நீண்ட மூக்கும் இரண்டே கதவுகளும் எட்டு சிலிண்டர் எஞ்சினுமாக நின்றது. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்க இளைஞர்கள் தெருவில் பந்தயம் விட்ட வகை. பெரியவரின் மகனுக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியவில்லை. "நான் சின்னவனாக இருக்கும்போதே இங்கேதான் நின்றது. அப்பா கிட்டப் போகவிடமாட்டார்" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்து ஊரான புரொண்பியில் ஒரு பழைய பட்டறையின் பின்பகுதியை எடுத்து, காரை அங்கே கொண்டுவந்து பிரிக்கத் தொடங்கினேன். சில விஷயங்கள் பொருந்தவில்லை. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் பின்பக்கத் திருப்பு விளக்கு சிவப்பாக மின்னும். இதில் மஞ்சள். வேகமானியில் மைலுக்குப் பதில் கிலோமீட்டர். பின்னிருக்கையின் சுருள்கம்பிகளுக்குள் செருகியிருந்த, காரைச் செய்த தொழிற்சாலையின் தாளை எலி பாதி தின்றுவிட்டிருந்தது. மீதிப் பாதியில் ஏற்றுமதிக்கு என்ற குறி தெளிவாக இருந்தது. கப்பலேற்றவென்றே செய்த கார். பிறந்த ஊரில் ஒரு மைல்கூட ஓடாதது.

இதை வீட்டில் சொன்னபோது மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "பாவம். நாங்களாவது பிறந்த ஊரிலை கொஞ்சநாள் ஓடித் திரிஞ்சம்" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பின்னேரம் ஹீட்டரைச் சோதித்தேன். காற்றாடி சுழன்றதும் காய்ந்த இலைத்துகள் பறந்து வந்தது. அதன் பின்னால் ஒரு மணம். பைப் புகையிலையின் இனிப்பான, கனத்த மணம். யாரோ பக்கத்திலிருந்து ஊதிவிட்டதுபோல இருந்தது. காற்றாடியை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றேன்.

வீட்டுக்குப் போனதும் மனைவி என் ஜாக்கெட்டை முகர்ந்தாள்.

"என்னப்பா, சுருட்டுப் பத்தினனீங்களோ?"

"இல்லை. காருக்குள்ளை இருந்து வந்தது."

"ஆர் பத்தினது?"

அவள் ஜாக்கெட்டை பால்கனியில் தொங்கவிட்டாள். "ஆருடையது எண்டு அறியாமல் ஒண்டையும் வீட்டுக்குள்ளை கொண்டு வராதேங்கோ."

ஹீட்டர் பெட்டியைக் கழற்றிக் கழுவினேன். ரப்பர் எல்லாம் மாற்றினேன். சூடேறினால் மணம் வந்தது. அதற்குப் பிறகு நான் பட்டறைக் கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்தேன். காருக்குள் ஏறுமுன் அதன் கதவில் ஒருமுறை தட்டுவேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பழைய வாகனப் பதிவேடுகள் உள்ள ஆவணக்காப்பகத்துக்கு சேஸி எண்ணை எழுதி அனுப்பினேன். பல வாரங்களின் பின் பதில் வந்தது. ஒரே ஒரு சொந்தக்காரர், ஒரு ஆண், அந்தப் பண்ணைக்கு அருகிலுள்ள சிறு துறைமுக ஊர். அதே முகவரியில் அதே குடும்பப் பெயரோடு ஒரு பெண்ணின் தொலைபேசி எண் இன்னும் இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு அழைத்தேன்.

கார் என்னிடம் இருக்கிறது என்று டேனிஷில் சொன்னேன்.

"அதை நொறுக்கக் கொடுத்துவிட்டேன் என்று அண்ணன் சொன்னாரே" என்றார் அந்த அம்மா. களஞ்சியத்துப் பெரியவர்தான் அவருடைய அண்ணன். "நீங்கள் வாருங்கள். காரைக் கொண்டுவர வேண்டாம்."

மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா எண்பதைத் தாண்டியவர், என் மனைவியின் தோளளவுகூட இல்லை. கோப்பியை ஊற்றிவிட்டு ஒரு படத்தை மேசையில் வைத்தார். காரின் கூரைமேல் முழங்கையை ஊன்றி, வாயில் பைப்புடன் ஒரு மனிதர். கார் அவருக்கு இடுப்பளவு போலத் தெரிந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த இருக்கை நினைவுக்கு வந்தது.

"கடைசியாக அதை ஓட்டியது யார்?" என்று கேட்டேன்.

"நான்" என்றார்.

அவருடைய கணவர் ஒரு இலையுதிர்காலக் காலையில் காரைத் துறைமுகத்தில் நிறுத்தி, கோட்டை மடித்து இருக்கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாவி காரிலேயே இருந்தது. தேடினார்கள். அவர் கிடைக்கவில்லை. நாலாம் நாள் போலீஸ்காரர் வந்து, கார் மீன் லொறிகளுக்கு இடைஞ்சலாக நிற்கிறது, எடுத்துவிடுங்கள் என்றாராம்.

"அதற்கு முன் நான் அதை ஓட்டியதே இல்லை. காலெட்டவில்லை. இருக்கையை எவ்வளவு இழுக்கலாமோ அவ்வளவு இழுத்தேன். நேரே அண்ணன் பண்ணைக்குப் போய், கண்ணில் படாமல் செய்துவிடுங்கள் என்றேன். அதற்குப் பிறகு நான் எந்தக் காரும் ஓட்டவில்லை."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்கள் ஏன் இதையெல்லாம் தேடுகிறீர்கள்?"

கார்ப் பைத்தியம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் மனைவிக்கும் சொல்லாத ஒன்றை அந்த மேசையிலிருந்து சொன்னேன். என் தமையன் ஒருநாள் காலை சைக்கிளில் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனவன். நாலைந்து நாளில் யாரோ சைக்கிளை எங்கள் வீட்டு வாசல் படலையில் சாத்திவிட்டுப் போனார்கள். அவன் வரவில்லை. அந்தச் சைக்கிளில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். முதல்நாள் பின்னேரம் திரும்பி வந்து படலையில் மணியடித்தபோது அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தா. என்னைக் கண்டதும் நின்றா. அன்றைக்கே மணியைக் கழற்றிக் கிணற்றுக்குள் போட்டேன்.

மனைவி தலை குனிந்திருந்தாள்.

"மணியைக் கழற்றியது நீங்கள் என்று உங்கள் தாய்க்குத் தெரியுமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தெரிந்திருக்கும். கேட்கவில்லை."

"உங்கள் தாய்க்கு மணி, எனக்கு எஞ்சின் சத்தம்" என்றார். "பெரிய கார் எது இந்த ஒழுங்கையால் போனாலும் எழுந்துவிடுவேன். பல வருடம்." கோப்பி ஆறிவிட்டது. "வேலை முடிந்ததும் காரைக் கொண்டுவாருங்கள். வரும் நாளை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்."

திரும்பி வரும் வழியில் மனைவி, "இத்தனை வருசமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றாள்.

"உமக்கு என்னெண்டு சொல்லுறது?"

"இப்பிடித்தான். இப்ப சொன்ன மாதிரி."

மேலும் இரண்டு குளிர்காலம் போனது. இருக்கைத் தடத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வாகனப் பரிசோதனையில் கார் தேறிய வசந்தத்தில், நாளும் நேரமும் சொல்லிவிட்டு, ஒரு மத்தியானம் கொண்டுபோனேன். அந்த அம்மா கோட்டும் தொப்பியுமாக வாசலில் நின்றார். என் கையைப் பிடித்து ஏறிக்கொண்டு, "துறைமுகத்துக்கு" என்றார்.

குளிராக இருந்ததால் ஹீட்டரைப் போட்டிருந்தேன். கொஞ்சத் தூரத்தில் மணம் வந்தது. அவர் கண்ணை மூடினார். பிறகு, தேடாமலே கையை நீட்டி ஹீட்டரின் திருகைத் திருப்பி அணைத்தார்.

படகுகள் தெரிந்ததும் நிறுத்தப் பார்த்தேன்.

"வேண்டாம்" என்றார். "நிறுத்தாமல் திருப்புங்கள். நேரே வீட்டுக்கு. அன்றைக்கு பண்ணைக்குப் போகாமல் நான் இதைத்தான் செய்திருக்க வேண்டும்."

திருப்பினேன். வீட்டு வாசலில் இறங்கி, கதவை மெல்லச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

அதன்பின் அவர் காரைக் கேட்டதில்லை. நத்தாருக்கு கிறிஸ்மஸ் வாழ்த்தோடு ஒரு கடிதம் வரும், தோட்டத்தைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும். மனைவிதான் பதில் எழுதுவாள். கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காரை வெளியே எடுப்பேன். வழியில் சிவப்பு விளக்கு விழுந்தால், அந்த மணம் வரும் பக்கத்து இருக்கையைப் பார்க்காமல், முன்னால் நிற்கும் வாகனத்தின் இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.