கடைசி எண் மூன்றா, எட்டா?

மெஷின் சூடு தணிய ஊற்றும் கூலன்ட் எண்ணெய் வாசனை எத்தனை சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது. ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருஷமும் சோற்றில்கூட எனக்கு அந்த வாசனைதான்...

கியர் பாகங்கள் செய்யும் கம்பெனி. நான் குவாலிட்டி செக்‌ஷன். ஒவ்வொரு பீஸிலும் பொடிப்பொடியாகக் குத்தியிருக்கும் நம்பரை லென்ஸில் படித்து, சரியென்றால் பச்சை ட்ரே, தப்பென்றால் சிவப்பு ட்ரே. வல்லம் வடகாலில் வாடகை ரூம். நான் கோவில்பட்டி, கூட இருந்த ஜான்சி திருநெல்வேலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர் போட காயலான் கடைக்குப் போனேன். பித்தளைச் சாமான் கூடையில் வட்டமாக ஒன்று கிடந்தது. மேலே அழுக்கேறிய ரிப்பன் துண்டு. ராணுவ மெடல்! பழக்கதோஷம், உடனே விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். சுற்றிலும் இங்கிலீஷில் ஒரு நம்பரும் பெயரும். பாதி தேய்ந்திருந்தாலும் 'முனுசாமி' என்பது தெரிந்தது.

"இது யாரு போட்டதுண்ணே?"

"யாருக்கும்மா தெரியும்? மூட்டையோட வந்துச்சு. வேணும்னா எடுத்துக்கினு போ."

ஒரு மனுஷன் பெயர் இருக்கிற பொருளை எப்படி உருக்க விடுவது? எடுத்து வந்துவிட்டேன். விளிம்பில் சாக்பீஸ் தூள் தடவி ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். கடைசி எண் மூன்று. போனில் படமும் எடுத்துக்கொண்டேன்.

முன்னாள் ராணுவத்தினர் விவரம் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு லீவு கிடைத்த போதெல்லாம் போனேன். ஐந்தாவது தடவை அங்கிருந்த கிளார்க் பழைய பதிவேட்டில் அந்த நம்பரைக் கண்டுபிடித்துவிட்டார். முனுசாமி. ஊர், வல்லத்துக்குப் பக்கத்திலேயே!

அவர் இறந்து பல வருஷம். மகள் ராஜேஸ்வரி அக்கா ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே டிபன் கடை வைத்திருந்தார். மெடலைக் கொடுத்ததும் முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"எங்கப்பா மிலிட்டரில இருந்தாருன்னா எவனும் நம்ப மாட்டான்மா. வூடு எரிஞ்சப்போ போட்டோ, பேப்பர் எல்லாம் பூடுச்சு."

மறுநாளே சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார். இட்லி வாங்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். நான் போனால் தட்டில் ஒரு வடை தானாக விழும்...

மூன்று வாரம் கழித்து லைனில் ஒரு லாட் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. நம்பர் குத்தும் அச்சு தேய்ந்து, எட்டெல்லாம் மூன்றாக விழுந்திருந்தது. இடது பக்க வளைவு மட்டும் பதியவில்லை. சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். என் காதில் எதுவும் ஏறவில்லை.

ரூமுக்கு ஓடி வந்து போன் படத்தைப் பெரிதாக்கினேன். அந்த மூன்றின் இடது பக்கத்தில் மெல்லிய கோடு...

"ஏட்டி, சும்மா கெட. அந்த அக்கா எம்புட்டு சந்தோசமா இருக்கு. ஒன்னத் தவிர யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் ஜான்சி.

எனக்குத் தெரியுமே. அதுதான் தூங்க விடவில்லை.

மறுபடி அலுவலகம். எட்டில் முடியும் நம்பருக்கு எதிரேயும் முனுசாமி என்றே இருந்தது! "ஒரே நாள் ஆள் எடுப்புல சேர்ந்திருப்பாங்கம்மா, அதான் நம்பர் கிட்டக்கிட்ட இருக்கு" என்றார் கிளார்க். இவருக்கு வாலாஜாபாத் விலாசம்.

கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போனேன். சட்டத்தைக் கழற்றச் சொல்லி, லென்ஸை அக்கா கையிலேயே கொடுத்தேன்.

"அக்கா, தப்பு என்மேலதான். நான் சரியாப் படிக்கல. இது வேற முனுசாமியோடது."

அக்கா லென்ஸை வைத்துவிட்டு அடுப்பிலிருந்த சாம்பாரைக் கிண்டப் போய்விட்டார். போகச் சொல்வாரோ என்று நின்றுகொண்டிருந்தேன்.

"அந்த ஆளு வாலாஜாபாத்தா?"

"ஆமாக்கா."

"எங்கப்பாவ நெட்ட முனுசாமின்னுதான் கூப்புடுவாங்களாம். கூட வாலாஜாபாத்துக்காரரு ஒரு குட்ட முனுசாமி இருந்தாராம், எங்கம்மா சொல்லும்." கரண்டியை வைத்தார். "அவரா இருந்தா நானே குடுக்கறேன். நீ கூட வா."

அடுத்த ஞாயிறு இருவரும் பஸ் ஏறினோம். மனுஷர் உயிரோடு இருந்தார்! கட்டிலில் உட்கார்ந்து மெடலை வாங்கி, விளிம்பைக் கட்டை விரலால் தடவினார். வீடு மாறியபோது டிரங்குப் பெட்டியோடு போய்விட்டதாம். அப்புறம்தான் அக்காவைப் பார்த்தார்.

"நீ யாரும்மா?"

"நெட்ட முனுசாமி பொண்ணு."

அவ்வளவுதான், மெடலைத் தலையணைப் பக்கம் வைத்தவர் அதை மறந்தேபோனார். "அட! உக்காரு உக்காரு. நீ பொறந்த சேதி வந்த லெட்டர நான்தாம்மா படிச்சுக் காமிச்சேன். உங்கப்பனுக்கு எழுத்து தெரியாது. மூணு தபா படிக்கச் சொன்னான். திரும்பவும் படிடான்னு ராவுனான்."

அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் கேட்டார்: "அதுல இன்னா எழுதியிருந்துச்சு?"

அவர் சொல்லச் சொல்ல அக்கா எழுந்திருக்கவே இல்லை, சாயங்காலம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க நான்தான் அக்காவைக் கிளப்ப வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் மாதத்துக்கு ஒரு முறையாவது அக்கா வாலாஜாபாத் போய்விடுவார், அவர் இருந்த வரைக்கும்.

இப்போது எங்கள் லைனில் நம்பரைக் கேமராதான் படிக்கிறது. லென்ஸ் பிடித்து உட்காரும் பெண்கள் இல்லை. நானும் ஏசி ரூமில் ரிப்போர்ட் பார்க்கிறேன். வேகம், சுத்தம், எல்லாம் சரிதான். ஆனால் கேமரா தப்பாகப் படித்தால், ஒருவர் முன்னால் போய் நின்று "தப்பு என்மேலதான்" என்று சொல்ல அதற்குக் கால் இல்லை...

நெட்டை முனுசாமிக்கும் ஒரு மெடல் கொடுத்தார்களாம், குட்டை முனுசாமியே கண்ணால் பார்த்தாராம். தீயில் போயிருக்கும். நகல் கேட்டு நானும் அக்காவும் மூன்று மனு போட்டாயிற்று, இன்னும் பதில் வரவில்லை. நாலாவது மனுவை நேற்று எழுதி முடித்தேன். கையெழுத்துப் போட திங்கட்கிழமை அக்கா வருகிறார்.