மறதியை மறக்காத தபாலதிபர்

வீடு வீடாகப் போய் ஊசி குத்தி இரத்தம் எடுப்பவனைக் கண்டு சந்தோஷப்பட்டவர் எவருமில்லை. ஊசியும் பெட்டியுமாக அலைந்த சகோதரங்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லேபில் எனக்கு வேலை. மறதி நோய்க்காரரின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மாறுகின்றனவா என்று எங்கள் டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். "கிருமியைப் பிடிக்க வேண்டிய காவல் அணுக்கள் குழம்பி, சொந்த மூளையிலேயே பாயுதோ எண்டு சந்தேகம்" என்பார். ஆராய்வது அவர், அலைவது நான்.

கைகள் மேலே

எங்கள் நோயாளிகளில் ஒருவரான கந்தையா ஐயா, வெள்ளவத்தைக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் தபாலதிபராக இருந்தவர். ஊரார் விலாசமெல்லாம் அத்துப்படியாக இருந்த மனிதருக்கு இப்போது சொந்தப் பெயரே பிடிபடாது. தனியே வெளியே போனால், பெயர் சொல்லாத தமிழனை ஆமியோ பொலிஸோ விடுமா? அந்தப் பயத்தில் மனைவி மகேஸ்வரி அக்கா காலைத் தேத்தண்ணியோடு, கைகளைத் தூக்கிக்கொண்டு சொல்ல ஒரு சிங்கள வசனத்தையும் புகட்டினார்: "ஐயா, எனக்கு மறதி வியாதி."

நான் ஊசியை எடுத்ததும் அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அதை ஒப்புவித்தார். தூக்கிய கையில் நரம்பு தேடி நான் படும் பாட்டைக் கவனிக்காமல் அக்கா பூரித்துப்போனார். "பாத்தீங்களே தம்பி, ஒரு பிழையில்லாமல் சொல்லுறார்!"

ஐஸ் பெட்டி

திரும்பும் வழியில் சோதனைச் சாவடி. ஐஸ் பெட்டியைத் திறந்த ஆமிக்காரன் குப்பிகளைக் கண்டு பின்வாங்கினான். நோயாளியின் இரத்தம் என்றேன். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. பழுதானால் திரும்பப் போய் அந்தக் கைகளை இறக்க வேண்டும். என் அடையாள அட்டையையும், கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், சிரிக்காமல் சிங்களத்தில் கேட்டான்: "உனக்குப் பொலிஸ் பதிவு இருக்கு, சரி. இந்த இரத்தத்துக்கு எங்க?"

பிழையில்லாத பதில்

அடுத்த கிழமை அக்கா குளிக்கப் போன நேரம் ஐயா வெள்ளவத்தையின் பெருந்தெருவான காலி வீதிக்கு இறங்கிவிட்டார். பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். அக்கா அழுதபடி லேபுக்கு ஓடி வந்தார். டாக்டரும் தமிழர்தானே, தான் போகப் பயந்து என்னை அனுப்பினார்.

ஸ்டேஷனில் ஐயா கைகளைத் தூக்கியபடி நின்றார். பெயர் கேட்டாலும் ஊர் கேட்டாலும் ஒரே பதில், அட்சரம் பிசகாத சிங்களத்தில். இவர் உண்மையிலேயே நோயாளி என்று கெஞ்சினேன். எனக்கே அழுகை வந்துவிட்டது. சார்ஜன்ட் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: "எல்லாத்தையும் மறந்தவன், மறதி எண்டு சொல்ல மட்டும் எப்பிடி மறக்கேல்ல?"

கடைசியில் விட்டார்கள். அக்கா அந்த வசனத்தைப் பிறகு சொல்லிக்கொடுக்கவில்லை. ஐயாவோ அதை மறக்கவில்லை. அக்கா தேத்தண்ணி கொண்டு வந்தாலும் கைகளைத் தூக்கினார்.

அவருடைய இரத்தத்தில் காவல் அணுக்கள் குழம்பியிருந்தனவா என்று டாக்டர் கடைசிவரை அறுதியாகச் சொல்லவில்லை, ஆனால் காலி வீதியில் குழம்பியிருந்த காவலைப் பார்க்க எங்களுக்கு மைக்ரோஸ்கோப் தேவைப்படவில்லை.