கை படாத சேம்பர்

கும்மிடிப்பூண்டி பட்டறையில் அந்த வெல்டர் டீ குடிக்கும்போதுகூட வெள்ளைக் கையுறையைக் கழற்றமாட்டார். ஈரணு மூலக்கூறுகளைக் கடுங்குளிரில் நிறுத்தி நிறமாலை எடுக்க எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு வெற்றிட சேம்பர் வேண்டியிருந்தது; அவரிடம் செய்யக் கொடுத்தோம். உள்ளே விரல் பிசுக்கு பட்டாலே வெற்றிடம் கெட்டுவிடும் என்றேன்.

"கை படாது சார், நம்புங்க."

நம்பினேன். ஆறு மாதம் போராடியும் சேம்பருக்குள் காற்றழுத்தம் வேண்டிய அளவு இறங்கவில்லை. திறந்து பார்த்தால் உள்சுவரில் லேசாகப் புகை படிந்திருந்தது. கொதித்துப்போய் அவரிடம் ஓடினேன்.

"உள்ள கற்பூரம் ஏத்தினேன் சார். இந்த மாதிரி செய்யறது மொத தபா, பூஜை போடாம எப்டி அனுப்பறது? கிளவுஸ் போட்டுக்கினுதான் ஏத்தினேன். கை படவேயில்ல."

வாக்குத் தவறாதவரை என்ன சொல்லித் திட்டுவது? திரும்ப ரயிலேறினேன். ஆறு மாத உழைப்பு போனதுகூடப் போகட்டும், அவரைத் திட்ட முடியாமல் போனதுதான் இன்னும் எரிகிறது.