காளைக்கு எழுதிய நாலு வரி

கறம்பக்குடியில் பிளெக்ஸ் அடிக்கும் கடையில் பதினெட்டு வருஷமாக நான் டிசைனர். கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, போட்டோவை நீட்டியதும், "கீழ நாலு வரி கவிதை போட்டுருங்க ஐயனாரண்ணே" என்பார்கள். என்னிடம் இருப்பது மொத்தம் ஏழு கவிதை. பெயரை மட்டும் மாற்றுவேன். ஒரே தெருவில் இரண்டு சாவுக்கு ஒரே கண்ணீரை வடித்த புண்ணியவான் நான். விசிட்டிங் கார்டில் 'கவிஞர்' என்று போட்டுக்கொள்ளக் கூசியதே இல்லை.

ஒருமுறை கந்தர்வக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர், செத்துப்போன ஜல்லிக்கட்டுக் காளைக்கு அஞ்சலி பேனர் கேட்டார். ஏழில் ஒன்றும் மாட்டுக்குப் பொருந்தவில்லை. "கட்டுத்தறியில கயிறுதான் கெடக்கு. விடிஞ்சா கை தானா வைக்கோல அள்ளுது" என்று அவர் அழுதார். அதையே நாலு வரியாக மடக்கிப் போட்டுக் கொடுத்தேன்.

போன மாதம், எங்களோடு இருந்த என் மாமனார் தவறிப்போனார். கருமாதி பேனருக்கு ஏழில் நல்லதாக ஒன்றை எடுத்து மனைவி ரஞ்சிதாவிடம் காட்டினேன்.

"இது எதுத்த வீட்டுக்காரருக்குப் போட்டதுல்ல?" என்றாள். "அந்த மாட்டுக்கு எழுதுனதப் போடுங்க."

"உங்கப்பாவுக்கா?"

"இன்னைக்கும் காலையில அவருக்கும் சேத்து டீ போட்டுட்டேங்க."

'கட்டுத்தறியில கயிறு' என்று இருந்ததைத் 'திண்ணையில டம்ளர்' என்று மாற்றினேன். 'வைக்கோல அள்ளுது' என்று இருந்ததை 'டீ போடுது' என்று மாற்றினேன். பேனரைப் படித்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அழுதார்கள். பாதி அந்த விவசாயி சொன்னது, மீதி ரஞ்சிதா சொன்னது.

அடியில் 'கவிஞர் ஐயனார்' என்று போட மட்டும் நான் மறக்கவில்லை.