கறக்கும் பக்கம்

கன்றைக் கொன்றது நான்தான். இதை முதலில் எழுதிவிடுகிறேன். பிந்தினால் எழுதாமலே விட்டுவிடுவேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. என் மனைவியின் தமையன் சிட்னியில் எஞ்சினியர். பிளாக்டவுனைத் தாண்டி ஒரு மணி நேரம் காரில் போகும் தூரத்தில் ஒரு சிறு தோட்டம் வாங்கியிருந்தார். கொஞ்சம் அப்பிள் மரங்கள், கோழிகள், ஒரு மாடு. அவற்றைப் பார்க்க ஆள் தேவைப்பட்டபோது யாழ்ப்பாணத்திலிருந்து எங்களை எடுப்பித்தார். என்னை, மனைவியை, எட்டு வயது மகளை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. ஆனால் மாடு தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அங்கே இலையுதிர்காலம் தொடங்கும் மார்ச்சில் மாடு கன்று போட்டது. கடைசி அப்பிளைப் பறித்து, குளிருக்கு விறகு கொத்தி அடுக்கிக்கொண்டிருந்த நாட்கள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த நாம்பன், ஆண் கன்று. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் கொட்டிலுக்கு ஓடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தமையன் வந்து கன்றைப் பார்த்தார்.

"நாம்பனோ? பாலைக் குடிச்சு முடிக்கத்தான் உதவும். புதன்கிழமை இறைச்சி லொறிக்குச் சொல்லுறன், ஏத்தி விடும். ஈஸ்டருக்கு என்ர ஆக்கள் வருகினம். தோட்டத்துப் பால் குடுக்கிறன் எண்டு சொல்லிப் போட்டன்."

"கண்டு இல்லாமல் மாடு பால் விடாது, மச்சான்" என்றேன். அன்று முழுவதும் நான் பேசியது அவ்வளவுதான்.

"விடாட்டி மாட்டையும் ஏத்துவன். பிறகு நீர் இஞ்ச இருந்து என்ன செய்யப் போறீர்? கோழிக்குப் பாட்டுப் படிப்பீரோ?"

அதுவரை கன்றை முட்டவிட்டே கறந்துவந்தவன், திங்கள் காலை அதைத் தூரத்தில் கட்டிவிட்டுக் கறக்கப் பார்த்தேன். உதைத்தது. மாலையில் பின்னங்கால்களைக் கட்டினேன். முலையைப் பிடித்ததும் பாலை மேலே இழுத்துக்கொண்டது. வாளியின் அடி நனையவில்லை. கன்று முட்டிக் குடித்தால்தான் மடி சுரக்கும் என்பது எங்கள் வீட்டு மாடுகளிடம் நான் படித்தது. அங்கே கன்று செத்துவிட்டால் அதன் தோலை உரித்து வைக்கோல் அடைத்து, தாயின் முன்னால் நிறுத்துவார்கள். தாய் அதை நக்கிக்கொண்டு நிற்கும், பால் வரும். செத்த கன்றுக்குத்தான் அப்படிச் செய்வது. தோலுக்காகக் கன்றைக் கொன்றவர் எவரையும் எனக்குத் தெரியாது.

இரவு மனைவியிடம் கணக்குச் சொன்னேன். லொறியில் போனாலும் கன்று சாகத்தான் போகிறது. தோலாவது மிஞ்சினால் மாடு பிழைக்கும். அவள் தூங்கும் பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, "செய்யிறதெண்டால் பிள்ளை பள்ளிக்கூடத்தால வர முதல் செய்யுங்கோ" என்றாள்.

செவ்வாய் பகல் செய்தேன். கோடரியின் பின்புறத்தால். கயிற்றை அவள் பிடித்தாள். முதல் அடி சரியாக விழவில்லை. கன்று என் பக்கம் திரும்பி, கோடரிப் பிடியை நக்கியது. பால் கறக்கும் கை வாசம் அதில் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது அடி சரியாக விழுந்தது. உடலை அப்பிள் மரத்தடியில் குழி வெட்டித் தாட்டேன். தோலுக்குக் குசினியில் இருந்த உப்பு முழுவதையும் தேய்த்து, வைக்கோல் அடைத்து, சாக்கு ஊசியால் தைத்து, நாலு தடியில் நிறுத்தினேன்.

மகளிடம் லொறி ஒருநாள் முந்தி வந்துவிட்டது என்றோம். அவள் கொட்டிலுக்குள் போய், வெள்ளைச் சுட்டியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"லொறிக்காரர் தோலை விட்டுட்டுப் போட்டினமோ, அப்பா?"

நான் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவிய வாளி.

மாடு தோலை நக்கியது. உப்புக்காகவா, பிள்ளை என்றா, தெரியாது. நக்கியபடி கால் மாற்றி மாற்றி நின்று அரை வாளி பால் தந்தது. எனக்கு அது பெருமையாக இருந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

ஈஸ்டர் ஞாயிறன்று ஐந்து கார்கள் வந்தன. தோல் மணக்கத் தொடங்கியிருந்தது. தையலின் வழியே ஈ போய் வந்தது. மாடு அதையும் நக்கிக்கொண்டிருந்தது. பென்டில் ஹில்லில் இருந்து வந்த ஒரு அன்ரி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்.

"ஐயோ, இதென்ன, கொலுவுக்கு வைச்சதோ?"

"எங்கட மச்சான்ர கைவேலை, அன்ரி" என்றார் தமையன். "இவரை நம்பித்தான் தோட்டம் வாங்கினனான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த நேரத்தில் பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரக் கிழவர் வேலியைக் கடந்து வந்தார். மாடு முன்பு அவருடைய பண்ணையில் நின்றது. அவரிடம்தான் தமையன் வாங்கியிருந்தார். கிழவர் வைக்கோல் கன்றைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதைத் தூக்கிக் கொட்டிலுக்கு வெளியே வைத்தார். என் மகளிடம் சுடுதண்ணீர் கேட்டு வாங்கி மடியைக் கழுவினார். மாட்டின் முன்னால் இரண்டு கை தானியம் போட்டார். பிறகு முக்காலியை எடுத்துக்கொண்டு மாட்டின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

நான் இடப்பக்கம் உட்காருகிறவன். எங்கள் வீட்டில் எல்லோரும் இடப்பக்கம்தான்.

மாடு காலை அசைக்கவில்லை. அசை போட்டபடி நின்றது. வாளி நிறைந்து நுரை வழிந்தது. கிழவர் எழும்பி, என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. தமையன் எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"இது வலப்பக்கம் கறந்து பழகின மாடாம். பிழையான பக்கம் இருந்தா உதைக்குமாம். கண்டைக் கண்ணிலயும் காட்டத் தேவையில்லையாம்." அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கேளும் இன்னும். கண்டைத் தன்னட்டைக் குடுத்திருந்தா வளர்த்திருப்பாராம்!"

மகள் சுடுதண்ணீர்ச் சட்டியோடு அங்கேயே நின்றாள். அவள் தமிழிலும் கேட்டாள். அதற்கு முதல் ஆங்கிலத்திலும் கேட்டிருந்தாள்.

பால் எல்லோருக்கும் போதுமாக இருந்தது. தமையன் மாட்டின் முதுகில் தட்டி, "இது நிக்கட்டும்" என்றார். அப்படியே நாங்களும் நின்றோம்.

அன்று பின்னேரம் வைக்கோல் கன்றை விறகோடு வைத்து எரித்தேன். உப்பு வெடித்தது. அடுத்த நாள் காலை மாடு கொட்டில் வாசலைப் பார்த்துக் கொஞ்சம் கத்தியது. பிறகு தானியத்தைத் தின்றது.

நான் முக்காலியை எடுத்துக்கொண்டு போனேன். பழக்கத்தில் கால் இடப்பக்கம் போயிற்று. மகள் சுடுதண்ணீரோடு மறுபக்கத்தில் நின்றாள். அவளை யாரும் எழுப்பிவிடவில்லை.

"இந்தப் பக்கம், அப்பா" என்றாள்.

குளிர்காலம் முடியும்வரை ஒவ்வொரு காலையும் பள்ளிக்கூடம் போகமுதல் வந்து நின்று அதைச் சொன்னாள். நான் சரியான பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் சொன்னாள்.