நீலம் வெளுத்த தொட்டி

ஞானாபரணம் சூலூருக்குப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடமாகத் தொட்டி பார்க்கிறவர். பழைய பித்தளையை உருக்கிப் பலகையாக வார்த்து, அமிலத் தொட்டியில் தொங்கவிட்டுக் கரண்ட் கொடுத்தால், செம்பு எதிரிலிருக்கும் தகட்டில் போய்ப் படியும். துத்தநாகம் படியாது, தண்ணீரிலேயே தங்கிவிடும். அது சேரச் சேரத் தண்ணீரின் நீலம் வெளுக்கும், தகடு கருக்கும். அதற்குள் பழைய தண்ணீரைக் கழித்துப் புது மயில்துத்தக் கரைசல் விட்டுவிட வேண்டும். அந்த நாளை அவர் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

இந்த மாதம் தவறவிட்டார்.

"ஏனுங்கண்ணா, தகடு கரித்தூளாட்டம் உதிருது?" என்றாள் மோகனப்பிரியா. அப்பாவுக்குப் பிறகு பட்டறையை நடத்துகிறவள்.

"ரெண்டு நாள் பொறுங்க அம்மணி."

"போன வாரமும் இதையேதான சொன்னீங்க? தண்ணி மாத்தறதுக்கு முகூர்த்தம் பாக்கறீங்களாக்கும்?"

அவர் கருத்த தகட்டைக் கொக்கியால் தூக்கி ஓரமாக வைத்தார்.

அவருடைய மகன் மெல்வின் மாதா கோயில் பேண்டில் ட்ரம்பெட் வாசித்தவன். லாரியில் அடிபட்டு இறந்து எட்டு மாதம். தினமும் வேலை விட்டு வீட்டுக்குப் போனதும் ஞானாபரணம் அந்த ட்ரம்பெட்டை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பார். சோறு ஆறிக் கிடக்கும். மூன்று வாரத்துக்கு முன் ஒருநாள் போய்ப் பார்த்தால் ட்ரம்பெட் மாட்டும் ஆணி காலியாக இருந்தது.

"யூனுஸ் பாயோட பழைய சாமான் கடையில போட்டுட்டனுங்க," என்றாள் மனைவி இருதயம்மாள். "பையனத்தான் குடுத்தாச்சு. உங்களையும் குடுக்க என்னால ஆகாதுங்க."

யூனுஸின் சரக்கு எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாது. அன்று மதியமே யூனுஸின் வண்டி பட்டறைக்கு வந்திருந்தது. இடம் அடைக்கக் கூடாதென்று யூனுஸ் எல்லாவற்றையும் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கித்தான் அனுப்புவார். உலையில் இரும்பு விழக்கூடாது. பார்த்துப் பொறுக்குவது ஞானாபரணத்தின் வேலை. சப்பையாய்க் கிடந்த ஒரு குழாயிலிருந்து மூன்று ஸ்பிரிங்குகளை அவரே குறடால் பிடுங்கிப் போட்டிருந்தார். பிடுங்கும்போது எதுவும் தோன்றவில்லை. காலி ஆணியைப் பார்த்தபோதுதான் அந்த மூன்றும் நினைவுக்கு வந்தன; ட்ரம்பெட்டின் மூன்று பொத்தான்களுக்கும் அடியில் ஒவ்வொரு ஸ்பிரிங் உண்டு. மனைவியிடம் வாய் திறக்கவில்லை. இன்றுவரை இல்லை.

ட்ரம்பெட்டின் செம்பு தகடாகி அந்தச் சனிக்கிழமையே லோடில் போய்விட்டது. மிச்சமிருந்தது தண்ணீரில் கலந்த துத்தநாகம்தான். அதில் அவனுடையது எத்தனை துளி என்று யாராலும் சொல்ல முடியாது. கிறுக்குத்தனம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் தண்ணீரைக் கழிக்கத் தொட்டிக் குழாயைத் திறக்கக் கை வரவில்லை.

"நாளைக்குத் தகடு நல்லா வரலீன்னா ஆர்டர் போயிருமுங்கண்ணா," என்றாள் மோகனப்பிரியா. இப்போது குரலில் கேலி இல்லை. "ஒடம்புக்கு முடியலீங்களா? வேற ஆள விட்டு மாத்தட்டுமா?"

"வேண்டாம் அம்மணி. நானே செய்யறனுங்க."

கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டியின் அடியிலிருந்த குழாயைத் திறந்தார். வெளுத்த நீலம், அமிலத்தை முறிக்க வைத்திருந்த சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி வெள்ளைச் சேறாகத் திரிந்தது. கடைசிச் சொட்டு நிற்கும்வரை குனிந்தே இருந்தார். பிறகு தொட்டியைக் கழுவிப் புதுக் கரைசலை விட்டார்.

மறுநாள் காலை தகடு செக்கச்செவேலென்று வந்திருந்தது.

"பாருங்கண்ணா, எத்தனை நல்லா வந்திருக்குது!"

"நல்லா வந்திருக்குதுங்க அம்மணி," என்று சொல்லிவிட்டு, அடுத்த தகட்டைத் தூக்கக் கொக்கியை எடுத்தார்.