குசினிக்குள் தமிழ் மறந்த அக்கா

ஒன்பது வயதிலேயே நான் ஆசிரியை ஆகிவிட்டேன். எனக்கு வாய்த்த ஒரே மாணவி, ஸ்பெயினிலிருந்து தமிழ் படிக்கவென்று வட்டக்கச்சிக்கு வந்த அக்கா. புத்தகத்தில் படித்த தமிழ் போதாது, ஒரு வீட்டில் இருந்து, சாப்பிட்டு, கதைத்துப் பழகவேண்டும் என்று அவர் கிளிநொச்சியில் படிப்பித்துக்கொண்டிருந்த மாமாவிடம் கேட்டிருக்கிறார். மாமா கொஞ்சமும் யோசிக்காமல் எங்கள் வீட்டைக் காட்டிவிட்டார்.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி, வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு அது. சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. "வெள்ளைக்காரப் பிள்ளையை எங்க படுக்க விடுறது?" என்று அம்மா அந்தரப்பட்டார். வந்திறங்கிய அக்காவோ, விரித்திருந்த பாயைக் கண்டதும் காலை நீட்டி அதிலேயே இருந்துகொண்டார்.

முதல் பாடத்திலேயே எனக்கு ஏமாற்றம். மேசையைத் தொட்டு "மேசை" என்றேன். அவர் கைகொட்டிச் சிரித்து, தங்கள் மொழியிலும் அது "மேசா"தான் என்றார். பேக்கரியில் வாங்கிய பாணைக் காட்டினேன், அதுவும் "பான்" ஆம். அவை போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள், அவர்களுடைய மொழியும் அக்காவுடையதும் பக்கத்துப் பக்கத்து மொழிகள் என்று மாமா விளக்கினார். எனக்கென்னவோ, யாரோ முந்திக்கொண்டு வந்து என் வகுப்பை எடுத்துவிட்டுப் போனது போல எரிச்சலாக இருந்தது.

ஆகவே வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு அவரை வெளியே கூட்டிப்போனேன். வாய்க்காலில், நெஞ்சுக்கு மேல் துணியைச் சுற்றிய குறுக்குக்கட்டோடு குளிக்கப் பழக்கினேன். முதல் முழுக்கிலேயே கட்டு நழுவ, குளித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் ஓடிவந்து சிரிப்பும் கூச்சலுமாக இழுத்துக் கட்டிவிட்டார்கள். அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மாவின் சேலையில் வந்து, புகையில் கண் எரிய எரியப் பானைக்குப் பக்கத்திலேயே நின்றார். கூழ் அவருக்கு நெடுநாள் "கூல்" ஆகவே இருந்தது. நான் விடவில்லை. பலா இலையில் கூழை வார்த்துக் கையில் வைத்துக்கொண்டு, சரியாகச் சொன்னால்தான் தருவேன் என்று நின்றேன். அவர் சொன்னார்.

அடுத்த மாரி தொடங்குவதற்குள் என் மாணவி தமிழில் எங்கேயோ போய்விட்டார். ஒரு காலை, பூநகரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவரை மறித்து, "அண்ணை, இது நேற்றையான் மீனெல்லோ? கண்ணைப் பாருங்கோ!" என்றார். மீன்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அக்காவை ஒருதரம் நன்றாகப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று பின்னேரம்தான் என் பெருமைக்கு அடி விழுந்தது.

அம்மா அதிகம் கதைக்காதவர். அண்ணாவைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கமாட்டார். கடைசிச் சண்டையில் செல் குண்டு விழுந்து அண்ணா செத்துப்போனான் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. யாராவது அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் அப்பா எழும்பி வயலுக்குப் போய்விடுவார். ஆனால் அன்று குசினி வாசலுக்கு வந்தபோது, அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் தேங்காய் துருவியபடி அக்காவுக்கு அண்ணாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல்முறை சொல்வது போல இருக்கவில்லை.

"தண்ணி எடுத்துக்கொண்டு வாறன், இந்த மரத்தடிய விட்டு அசையாத எண்டு சொல்லிப்போட்டுப் போனனான் பிள்ளை. செல் விழேக்க எல்லாரும் ஓடினவை. அவன் ஓடேல்ல. நான் சொன்னனான் எல்லோ, அசையாத எண்டு."

துருவலைச் சத்தம் நின்றது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"உமக்கு இது விளங்குதோ பிள்ளை?"

அக்கா தலையை ஆட்டினார். "இல்லை அம்மா. தமிழ்... கொஞ்சம். கொஞ்சம்."

"விளங்காட்டி நல்லது" என்றார் அம்மா. துருவலை மறுபடி ஓடத் தொடங்கியது, கதையும்தான்.

கொஞ்சமா? காலையில் மீன்காரரை மடக்கிய வாய்க்கா தமிழ் கொஞ்சம்? உள்ளே பாய்ந்து உண்மையைப் போட்டு உடைக்க வாயைத் திறந்தேன். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் வாய் தானாக மூடிக்கொண்டது.

பிறகு கிணற்றடியில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "அசையாத எண்டா என்ன?"

"இருந்த இடத்திலேயே இருக்கிறது."

"அப்ப ஏன் அம்மாட்டப் பொய் சொன்னீங்கள்?"

அவர் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். "குசினிக்குள்ள போனா எனக்குத் தமிழ் மறந்துபோகுது, ரீச்சர்."

அவர் நின்ற காலம் முழுக்க அது அப்படியேதான் நடந்தது. முற்றத்தில் பேசுவார், சந்தையில் பேசுவார், குசினிக்குள் போனால் ஊமை. அம்மா பின்னேரங்களில் சொல்லிக்கொண்டே இருந்தார். இராச்சாப்பாட்டின்போது, "நீ என்னத்தைப் படிப்பிக்கிறாய்? அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல்லும் விளங்குதில்லை" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். அம்மா சிரிப்பதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓர் ஆசிரியைக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்!

அவர் புறப்பட்ட அன்று நாங்கள் பஸ் ஏற்றிவிடப் போனோம். புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் வந்து நின்றது. அக்கா அம்மாவின் கைகள் இரண்டையும் பிடித்தார். எழுத்துப் பிசகாத, சுத்தமான எங்கள் ஊர்த் தமிழில் சொன்னார்:

"நீங்கள் தண்ணி எடுக்கத்தானே அம்மா போனனீங்கள்."

நான் ஆவலோடு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இப்போது திடுக்கிடுவார், ஐயோ இவளுக்குத் தமிழ் தெரியும் என்று கத்துவார் என்று காத்திருந்தேன். அம்மா திடுக்கிடவில்லை. "ஓம் பிள்ளை" என்றார். அக்காவின் தோளில் முறுக்கிக்கிடந்த பைப்பட்டியைச் சரிசெய்துவிட்டு, "கவனமாப் போட்டு வாங்கோ" என்றார்.

அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை போல என்று நினைத்தேன். இவ்வளவு நல்ல தமிழைக் கேட்டும் படிப்பித்தவளை ஒருவரும் பாராட்டவில்லையே என்று, வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் நடந்தேன்.